கூரையும் வெம்மையும்

வீடு கட்டப் புகுவோர் கூரையைப்பற்றி முதலிற் கேட்பது, மழைக்கு ஒழுகுமா என்பதே. வெயிலுக்கு எவ்வளவு காயும் என்று கேட்பார் மிகச் சிலர். நம் கீழைக் கடற்கரையில் ஆண்டில் மழை பெய்யும் நாட்கள் சில. வெயில் எரிக்கும் நாட்கள் பல. அங்ஙனமிருந்தும் சின்னாட் பகைக்கு அஞ்சிப் பன்னாட் பகையை மறந்து வீடு கட்டுகின்றோம். இம்மறதியால் எவரினும் மிகுதியாக வருந்துவோர், பகலெல்லாம் வெயிலில் நின்று உழைத்து, இரவில் அவ்வெயிலையே கூரைவழியாக மீண்டும் வாங்கிக்கொள்ளும் ஏழை மக்களே. மரக்காணத்து உப்பளக் கரையை எடுத்துக்காட்டாக வைத்து இதனைச் சிறிது ஆராய விழைகின்றோம்.

மரக்காணம், சென்னையினின்று புதுச்சேரிக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், விழுப்புரம் மாவட்டத்தின் எல்லைக்குள் அமைந்தது. சிறுபாணாற்றுப்படையிற் கூறப்படும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பது அறிஞர் பலர் கொள்கை. சோழர் கல்வெட்டுகள் நிறைந்த பூமீசுவரர் கோயிலும் ஈண்டுண்டு. பழம்பெருமை என்றவுடன் எழுதுகோலை நீட்டிவிடுவது தமிழ் பயிலும் எம்போன்றாரின் இயல்பு. அதனை ஈண்டு அடக்கிக்கொள்கின்றோம். ஊரைச் சூழ்ந்து மூவாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் உப்புப் பாத்திகள் கிடக்கின்றன. தை மாசியில் தொடங்கிப் புரட்டாசி வரையில் வேலை நடக்கும். வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் பாத்திகள் நீரில் மூழ்கும், தொழில் நின்றுபோம். ஆகவே வேளாளனுக்கு மழை எவ்வாறோ அவ்வாறே உப்பளத்தானுக்கு வெயில். அதனைப் பழிக்கவும் அவனால் இயலாது.

விடியுமுன்னரே ஆடவரும் பெண்டிரும் பாத்திக்குச் செல்வர். நிழல் என்பது அங்கே எத்திசையிலும் இல்லை. மேலிருந்து விழும் கதிர் ஒன்று. வெண்ணிற உப்பிற் பட்டு மீண்டு முகத்தில் அறையும் கதிர் மற்றொன்று. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்து ஆய்வாளர் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளரிடையே செய்த ஆய்வுகள், அவர்தம் வேலையிடத்து வெம்மை உடல் தாங்கும் எல்லையைக் கடந்து நிற்பதையும், சிலரிடத்துச் சிறுநீரகம் தளர்ந்திருப்பதையும் வெளிப்படுத்தியுள்ளன. பகல் வெம்மையைப் பற்றி இவ்வளவேனும் ஆராய்ந்தோர் உளர். அவ்வுடல் ஆறுதல் பெறவேண்டிய இரவைப்பற்றி நாம் அதிகமாகப் பேசுவதில்லை.

உப்பளத்தில் யாம் கண்ட ஒரு காட்சியை ஈண்டுச் சொல்லுதல் வேண்டும். வாரிய உப்பை வரப்பின்மேல் அம்பாரமாகக் குவித்து, அக்குவியலின்மேல் பனையோலையை அடுக்கடுக்காக வேய்ந்து வைப்பர். தொலைவில் நின்று பார்ப்பவர்க்கு அவை வரிசையாக நிற்கும் சிறு குடிசைகள் போலவே தோன்றும். இவ்வோலை மழைக்கென இட்டதேயன்றி வெயிலுக்கென இட்டதன்று, அதனை அறிவோம். ஆயினும், உப்பு ஓலையின் கீழிருக்க, அவ்வுப்பை வாரியவர் கல்நார்த் தகட்டின் கீழும் வெறுங் கான்கிரீட்டுத் தளத்தின் கீழும் படுத்துறங்குகின்றனர் என்பதை நினையுந்தோறும், எம் உள்ளம் அமைதியுறுவதில்லை.

நிற்க. வெப்பம் ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குச் செல்லும் வழிகள் மூன்றென இயற்பியலார் கூறுவர். பொருளினூடே கடத்தப்பட்டுச் செல்லுதல், காற்றோ நீரோ அசைந்து சுமந்து செல்லுதல், கதிராக வீசப்பட்டுச் செல்லுதல் என்பன அவை. கூரையில் இம்மூன்றும் ஒருங்கே நிகழும். நண்பகலில் ஒரு சதுர மீட்டர்க் கூரையின்மேல் விழும் வெயில் ஏறக்குறைய 1,000 வாட்டு. 360 சதுர அடித் தளம் ஒன்றிற்கு இக்கணக்கைப் பெருக்கினால் 33 கிலோவாட்டு ஆகும். முப்பத்துமூன்று இஸ்திரிப் பெட்டிகளைச் சூடேற்றி மாடியின்மேற் கவிழ்த்து வைத்தாற் போன்றதென்று கொள்க. சாம்பல் நிறத் தளம் இதிற் பாதிக்கு மேற்பட்டதை உள்வாங்கிக்கொள்ளும். புதிதாகச் சுண்ணாம்படித்த வெண்டளமோ பெரும்பகுதியைத் திருப்பி வானுக்கே அனுப்பிவிடும்.

உள்வாங்கிய வெப்பம் கூரையினூடே எவ்வளவு விரைவாகக் கீழிறங்கும் என்பது கூரைப் பொருளைப் பொறுத்தது. ஓலை வேய்ந்த கூரையில் ஓலைக்கும் ஓலைக்கும் இடையே காற்று சிறைப்பட்டுக் கிடக்கின்றது. அசையாத காற்றினும் சிறந்த வெப்பக் காப்பு எளிதிற் கிடைப்பதன்று. குளிர்நாட்டார் தம் வீட்டுப் பரணில் கண்ணாடிப் பஞ்சையும் கம்பளி போன்ற பொருள்களையும் திணித்து வைப்பதும் இக்காற்றைச் சிறைசெய்தற் பொருட்டே. அவர் உள்ளிருக்கும் வெப்பம் வெளியேறாமற் காக்கின்றனர், நாம் வெளியிருக்கும் வெப்பம் உட்புகாமற் காத்தல் வேண்டும், முறை ஒன்றே. ஒரே கனமுடையதாகக் கொண்டால், கான்கிரீட்டு கடத்தும் வெப்பத்தில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கையே ஓலைவேய்வு கடத்தும். எழுத்தறியாத நம் பாட்டன்மார் இக்கணக்கை அறியார். ஆனால் கீற்றை எத்தனை வரிசை கட்டவேண்டும் என்பதை அறிந்திருந்தனர்.

கல்நார்த் தகடு, அதாவது ஆஸ்பெஸ்டாஸ், விரலின் கனமும் இல்லாதது. வெயில் ஏறிய சற்று நேரத்தில் வீட்டினுள் அனல் இறங்கும். வெயில் தணிந்தபின் விரைவில் ஆறிவிடும் என்ற ஒரு நன்மை மட்டும் அதற்குண்டு. அதன் இழைத்தூள் புற்றுநோய் விளைப்பதென்று உலக நலவாழ்வு நிறுவனத்தார் உறுதியாகக் கூறியுள்ளனர். உலக நாடுகள் பல அதனை அறவே விலக்கிவிட்டன. நம் நாட்டில் இன்றும் விற்கப்படுகின்றது. தகரக் கூரையைப்பற்றிச் சொல்லவே வேண்டா.

கான்கிரீட்டுத் தளத்தின் தன்மை வேறு. அது பகலெல்லாம் வெப்பத்தை உண்டு தன் வயிற்றில் தேக்கிவைக்கும். காலையில் உண்டதை உடனே கீழே விடாது. சில மணி நேரம் தாழ்த்தே விடும். ஆதலின் அத்தகைய வீடு முற்பகலில் ஓரளவு தண்ணென்றிருந்து, மாலை சாய்ந்தபின் காயத்தொடங்கும். முன்னிரவில் கட்டிலில் மல்லாந்து படுப்பவர்மேல் தளம் தன் கதிரை வீசிக்கொண்டேயிருக்கும். கண்ணுக்குத் தோன்றாத அக்கதிர் காற்றால் தடுக்கப்படுவதன்று. கடற்காற்று வீசும் ஊரில் வெம்மை ஏது என்று வினவுவோர் இதனை எண்ணிப்பார்த்தல் நன்று. கடற்காற்று ஈரத்தையும் உடன்கொண்டு வருகின்றது. ஈரமிக்க காற்றில் வியர்வை உலராது. வியர்வை உலராவிடின் உடல் குளிராது. மின்விசிறியோ அத்தளத்திலேயே தொங்கி, அதனையொட்டிக் காய்ந்த காற்றை வாரித் தலைமேற் கொட்டுகின்றது.

உப்பளத் தொழிலாளியின் நாளை இதனோடு ஒட்டிப் பாருங்கள். விடியுமுன் பாத்தியில் நிற்கவேண்டியவர் முன்னிரவிலேயே உறங்கியாகவேண்டும். தளம் ஆறத்தொடங்கும் பின்னிரவு அவர்க்கு எழும் வேளை. நகரத்து அலுவலர் ஒருவர் அதே வீட்டில் வாழ்ந்தால், விடியற்காலையிலேனும் அயர்ந்து கண்வளர்வார். உப்பளத்தார்க்கு அவ்வாய்ப்பும் இல்லை. வீட்டின் கடும்பொழுதும் அவர்தம் உறக்கப்பொழுதும் நாழிகை பிசகாமற் பொருந்திவிடுகின்றன. உறங்காத உடலோடு மறுநாளும் வெயிலில் நிற்றல் எத்தகையதென்பதை மருத்துவம் பயில்வோர் விளக்கட்டும்.

அங்ஙனமாயின் மீண்டும் ஓலைக் குடிசைக்கே போவோமா? மாட மாளிகையிலிருந்துகொண்டு குடிசையின் குளிர்ச்சியைப் புகழ்ந்து கவிபாடும் அன்பர் சிலர் உளர். அவரோடு யாம் உடன்படோம். 2004ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 16ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளியொன்றின் கீற்றுக்கூரை தீப்பற்றி எரிந்து 94 குழந்தைகள் மாண்டதைத் தமிழ்நாடு மறந்திலது. அவ்வாண்டு இறுதியில் ஆழிப்பேரலை கரையோரக் குடிசைகளை அள்ளிச் சென்றது. புயல்களோ இக்கரைக்குப் புதியனவல்ல. 2011 டிசம்பரில் தானே, 2020 நவம்பரில் நிவர், 2024 நவம்பரில் ஃபெஞ்சல் என மூன்றும் புதுச்சேரியைச் சூழ்ந்த இக்கடற்பகுதியிலேயே கரையேறின. அவற்றுள் நிவர் கடந்தது மரக்காணத்தை அடுத்தே. புயலிரவில் கூரை பறந்துபோக, மழையில் நனைந்து குழந்தையை அணைத்து நின்ற தாயிடம் சென்று, "அம்மா, ஓலை வெப்பத்தைக் கடத்தாது" என்று இயற்பியல் ஓதுவார் யார்? இரண்டு மூன்று ஆண்டிற்கொருமுறை கீற்று மாற்றும் செலவும், எலியும் பாம்பும், தீயச்சமும் சேர்ந்த வாழ்வினின்று விடுபடவே மக்கள் மெத்தை வீட்டை விரும்புகின்றனர். அவ்விருப்பம் நேரியதே. மெத்தை வீடு மானத்தின் அடையாளமும் ஆகும். பெண் கொடுப்போரும் கூரையைப் பார்த்தே கொடுக்கின்றனர்.

எம் கருத்து யாதெனில், கான்கிரீட்டுத் தளம் குற்றமுடையதன்று. வெறுந் தளத்தோடு நிறுத்திவிடுதலே குற்றம். நம் முன்னோர் கட்டிய மெத்தை வீடுகள் வெறுந்தளம் உடையனவல்ல. பழைய சென்னைக் கட்டடங்களில் மர உத்திரங்களின்மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்போடு செங்கல் ஜல்லியைக் கலந்து இடித்துப் பரப்பி, அதற்கும் மேலே தட்டோடு பதித்தார்கள். அக்கனத்தினூடே பகல் வெயில் இறங்க நெடுநேரம் ஆகும். இன்று நாலைந்து அங்குலத் தளம் வார்த்துக் கம்பியை மறைத்தவுடன் வீடு முடிந்ததாகக் கணக்கெழுதுகின்றோம். மேலே ஜல்லியும் தட்டோடும் இடுதல் கையில் மிச்சப் பணம் உள்ளவர்க்குரிய ஆடம்பரமாகிவிட்டது. மரக்காணத்தைச் சூழ்ந்த அனுமந்தை, கந்தாடு முதலிய ஊர்ப்புறங்களில் யாம் கண்ட சிறு வீடுகளிற் பலவும் வெறுந்தளத்தனவே.

பருவத்திற்கேற்ப உறையுளை அமைத்தல் தமிழர்க்குத் தெரியாத கலையன்று. நெடுநல்வாடை, தென்றல் வரும் பலகணியையுடைய வேனிற்பள்ளியைப்பற்றிப் பேசுகின்றது. கூதிர்க்காலத்தில் அதனை அடைத்துவிடுவர். ஆனால் அஃது அரசன் நகரத்து மாடங்களின் செய்தி. எளியோர்க்குக் குளிர்ந்த வீடு என்ற எண்ணம், எமக்குத் தோன்றியவரையில், பிற்காலத்தில் வேறு வழியாக வந்தது. பாசல் மிஷன் தொண்டர்கள் 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினர். மதம் மாறியதாற் குலத்தொழிலை இழந்தோர்க்குப் பிழைப்பளிப்பதே அவர் நோக்கம். அவ்வோடு கப்பலேறிப் பல நாடுகளுக்குச் சென்றது. தமிழ்நாட்டிலும் சீமை ஓடென்று பெயர் பெற்றது. மிஷன் கல்லூரியிற் பயிலும் நாம் இதனைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் உண்மையையும் உடன் சொல்லுதல் வேண்டும். ஓடு மட்டும் குளிர்ச்சி தருவதன்று, அதுவும் மெல்லியதே. ஓட்டிற்குக் கீழே பலகை மச்சிட்டு, இடையிலுள்ள வெற்றிடத்துச் சூடேறிய காற்று முகட்டின்வழியே வெளியேற விட்ட வீடுகளே தண்ணென்றிருந்தன. சிறு சிறு துளைகளிற் சிறைப்பட்ட காற்று காக்கும். பெரும் பரணில் அடைபட்ட காற்றோ அனலாகும். அதனை வெளியே விடுதலே அறிவு.

அவ்வோட்டையே கான்கிரீட்டோடு மணமுடித்து வைத்தவர் லாரி பேக்கர். இங்கிலாந்திற் பிறந்த குவேக்கர் கிறிஸ்தவர். 1945இல் தொழுநோயாளர்க்குத் தொண்டு செய்யும் சங்கத்தின் கட்டடப் பணிக்காக இந்தியா வந்து, பின்னர்க் கேரளத்தில் நிலைத்து, 2007இல் மறைந்தார். தளம் வார்க்கும்போது கம்பிகளினிடையே, கான்கிரீட்டு வேலை செய்யாத கீழ்ப்பகுதியில், கழித்த ஓடுகளைப் பதித்துவிடும் முறையை அவர் பரப்பினார். சிமெண்டுச் செலவு குறையும். ஓட்டிடையே நின்ற காற்று வெப்பத்தையும் தடுக்கும். மரக்காணத்திற்குத் தெற்கே அதிகத் தொலைவில்லாத ஆரோவில்லில் மண்கல் வளைவுக் கூரைகள் பலவுள. இவற்றையெல்லாம் மேனாட்டார் கார் நிறுத்திப் படமெடுத்துச் செல்கின்றனர். அண்டையூர்க் கொத்தனார்க்கு அவை தெரிவிக்கப்பட்டனவா என்பதே எம் வினா.

கட்டிமுடித்த வீட்டிற்கு என்ன செய்வது? மலிவான வழி வெள்ளையடித்தல். சுண்ணாம்பை நன்கு நீற்றிப் பசை சேர்த்து இரண்டு மூன்று பூச்சுத் தளத்தின் மேற்புறம் அடித்தால், உள்வாங்கும் வெயில் பாதியாகவோ அதனினும் மிகுதியாகவோ குறையும். ஒரு மழைக்காலத்தில் அது கரைந்துவிடும். ஆண்டுதோறும் கோடைக்கு முன் அடித்தாக வேண்டும். கடைகளில் விற்கும் குளிர்ப்பூச்சுகள் நீடித்திருக்கும், விலை மிகுதி. கல்நார்த் தகட்டிற்கும் வெள்ளை அடிக்கலாம்; ஆனால் அதனைத் துளைத்தலும் தேய்த்தலும் கூடா; தூள் எழும். தகட்டின் கீழே தெர்மாகோல் ஒட்டுதல் நல்ல காப்பே எனினும், அடுப்பும் விளக்கும் அருகிருக்கும் சிறுவீட்டில் அது தீக்கு உணவு. ஓரடி இடைவெளி விட்டு மூங்கிற் பாயோ பனம்பாயோ கட்டி மேற்பக்கத்துக் காற்றுக்கு வழிவிடுதல் அதனினும் சிறிது பாதுகாப்பானது. தீயச்சம் அங்கும் உண்டு. மாடியில் நேராகப் படாமல் சற்றே உயர்த்திப் பந்தலிட்டு ஓலை போடுவோரும் உளர். அது மிக நன்று. கோடைக்குப் பின் அவிழ்த்துவிட்டாற் புயலுக்கும் அஞ்சவேண்டா.

மாடியில் ஈரச்சாக்கு விரித்தல் எங்கும் சொல்லப்படும் யோசனை. உப்பளக் கரையில் அதனை யாம் ஒப்போம். இங்கே கிணற்று நீர் பெரும்பாலும் உவர். உவர்நீர் தளத்திற் கசிந்து கம்பியைத் தொட்டால் கம்பி துருவேறிப் பருக்கும். தளம் வெடித்துக் கீழ்ப்புறம் பெயர்ந்து விழும். கடற்காற்றே அவ்வேலையைச் செய்துகொண்டிருக்க, நாமும் நீரூற்றித் துணைபுரிதல் தகாது. நன்னீர் உள்ள ஊருக்குப் பொருந்தும் யோசனை எல்லா ஊர்க்கும் பொருந்தாமைக்கு இஃதொரு சான்று. குளிர்சாதனப் பெட்டியைப்பற்றி இவ்விடத்து எழுத நாணுகின்றோம்.

இனி அரசினர் கடமை. குடிசையொழிப்பை நம் அரசுகள் ஒன்றன்பின் ஒன்றாக மேற்கொண்டன. 2010இல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம், 2011இல் சூரிய விளக்கோடு கூடிய பசுமை வீடுகள், 2024இல் கலைஞர் கனவு இல்லம் எனப் பெயர்கள் மாறின. கடைசியிற் கூறியது 360 சதுர அடி வீட்டிற்கு மூன்றரை லட்சம் ரூபாய் அளிப்பது. 2030க்குள் எட்டு லட்சம் வீடுகள் என்பது அதன் குறிக்கோள். வரவேற்கத்தக்கதே. ஆனால் எட்டு லட்சம் வெறுந்தளங்கள் எழுமாயின், ஐம்பதாண்டுகளுக்கு எட்டு லட்சம் குடும்பங்கள் வெம்மையை உண்பர். சூரிய விளக்கை வீட்டோடு சேர்த்துக் கொடுக்கத் தெரிந்த அரசினர்க்குத் தட்டோட்டையும் வெண்பூச்சையும் சேர்த்துக் கொடுத்தல் அரிதன்று.

2024 அக்டோபரில் தமிழ்நாட்டரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தோர் குடும்பத்திற்கு நான்கு லட்சம் ரூபாய் உதவி உண்டு. உப்பளத் தொழிலாளர்க்கு வேலையற்ற மழைக்காலத்தில் ஐயாயிரம் ரூபாய் அளிக்கும் ஏற்பாடும் உண்டு. இரண்டும் நல்லன. எனினும் இறந்தபின் நான்கு லட்சம் கொடுப்பதைக் காட்டிலும், இருக்கும்போதே சில ஆயிரத்தில் கூரையை வெண்மையாக்கிவிடுதல் மலிவு என்பது கணக்கறிந்தோர்க்கு விளங்கும். அகமதாபாத்து நகராட்சியார் 2017 முதல் எளியோர் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளையடிக்கத் தொடங்கினர். தெலங்கானா அரசு 2023இல் குளிர்கூரைக்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. நம் நாட்டிலும் சில அரசுப் பள்ளிக் கூரைகள் வெண்பூச்சுப் பெற்றுள்ளன. உப்பளக் கரைக்கு அது வரவேண்டும். முதலில் அங்கேதான் வரவேண்டும் என்பது எம் வழக்கு.

வீடு அவரவர் உடைமை, கூரையைக் காத்தல் அவரவர் பொறுப்பு என்பாரும் உண்டு. மோசே அளித்த சட்டத்தில், உபாகமம் 22ஆம் அதிகாரத்தில், புதுவீடு கட்டுவோன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்பவேண்டும் என்றும், எழுப்பாமல் எவரேனும் விழுந்திறந்தால் அப்பழி வீட்டின்மேல் வரும் என்றும் ஒரு விதி காணப்படுகின்றது. விழுந்தவன் கவனமாக நடந்திருக்கலாமே என்று அச்சட்டம் வாதிடவில்லை, கட்டினவனையே பிடிக்கின்றது. பிறர் வாழ்வதற்காகத் திட்டம் போட்டு, அளவு குறித்து, ஒப்பந்தம் விட்டுக் கட்டுவோர் அவ்விதியை ஒருமுறை படித்துப் பார்ப்பாராக.

நம் கல்லூரி மாணவர் நாட்டு நலப்பணித் திட்டத்தின்படி ஆண்டுதோறும் ஏழு நாள் முகாம் செல்கின்றனர். சாலையோரம் செடி நட்டுப் படமெடுத்துத் திரும்புகின்றோம். செடி பங்குனியிற் காய்ந்துபோகின்றது. அடுத்த முகாமை மரக்காணத்துப் பக்கத்துச் சிற்றூரொன்றில் வைத்து, விரும்புவோர் வீட்டு மாடிகளுக்குச் சுண்ணாம்படித்துக் கொடுக்கலாமென ஆசிரியர்பால் விண்ணப்பித்துக்கொள்கின்றோம். ஒரு நாளில் இருபது பேர் ஐந்தாறு மாடிகளை முடிக்கலாம். பெருக்கிக் கழுவித் தளம் காய்ந்தபின் அடித்தல் வேண்டும். கழுவ நன்னீரே கொண்டுசெல்லுதல் வேண்டும். பௌதிகப் பிரிவு நண்பர்கள் வெப்பமானி கொண்டு, வெள்ளையடித்த வீட்டிலும் அடிக்காத வீட்டிலும் முன்னிரவு ஒன்பது மணிக்குத் தளத்தின் அடிப்புறத்தை அளந்து குறித்துவந்தால், அக்குறிப்பை அடுத்த ஆண்டு இம்மலரிலேயே வெளியிடலாம். முகாம் தைத் திங்களில் அமைதல் நலம். மாசி பிறந்துவிட்டாற் பாத்திகளில் வேலை மும்முரமாகிவிடும். கதவைத் திறந்துவிட வீட்டில் ஆள் இரார்.